பெட்டி வரையும் வேலை

மூன்று மில்லிமீட்டர் நீளம், மூன்று மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கனம். கறுப்புப் பிசினுக்குள் அடைத்த ஒரு சிப். அதைக் குப்புறத் திருப்பினால், ஓரத்துக்கு நான்காகப் பதினாறு உலோகப் பட்டைகள் மின்னும். ஒரு பட்டையின் நடுவிலிருந்து அடுத்த பட்டையின் நடுவுக்கு 0.5 மில்லிமீட்டர். மத்தியில் பெரிதாக ஒரு சதுரத் தட்டு. அந்தத் தட்டின் நான்கு முனைகளில் ஒன்று மட்டும் லேசாகச் சீவப்பட்டிருக்கும். முதலாம் பட்டை எந்த மூலையில் இருக்கிறது என்பதற்கு அந்தச் சீவல்தான் அடையாளம். சிப்பைத் திசை மாற்றி மின்சுற்றுப் பலகையில் வைத்துவிட்டால் கருவி வேலை செய்யாது. கியூஎஃப்என் என்று அழைக்கப்படும் இந்த வகைச் சிப் உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது, காரிலும் இருக்கிறது.

இப்படிச் சிப்புகளுக்கு உறையிட்டுச் சோதித்து அனுப்பும் தொழில் ஈப்போவில் அரை நூற்றாண்டாக நடக்கிறது. கார்செம் 1972இல் இங்கே தொடங்கப்பட்டது. யூனிசெம் 1990களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் பக்கம் வந்தது. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் அதற்கு முன்பிருந்தே துண்டாடப்பட்டுவந்தன, அல்லது செம்பனைக்கு மாறிவந்தன. லயத்து வீடுகள் காலியாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மணிக்கணக்கில் சிப்பைப் பரிசோதித்தவர்களில் பெண்களே அதிகம். மலேசிய மின்னணுத் தொழிலின் தரத்தைக் கட்டிக் காத்தது அவர்களுடைய கண்கள் என்பதை எந்த அறிவியல் நூலும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்று அந்தப் பார்வையின் பெரும்பகுதி கேமராவுக்குப் போய்விட்டது. மணிக்கு ஆயிரக்கணக்கில் சிப்புகள் கேமராவைக் கடந்து போகின்றன. ஒவ்வொன்றுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்பு. கேமரா எப்படிக் குறையைக் கண்டுபிடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேமராவுக்கு யார் சொல்வது? இயந்திரப் பார்வையில் மனித உழைப்பை அதிகம் விழுங்குவது இந்தக் கேள்விதான்.

புது வகைச் சிப் ஒன்று லைனுக்கு வந்ததும் நடப்பது ‘டீச்’. குறையில்லாதது என்று உறுதியான ஒரு சிப்பை, கோல்டன் யூனிட் என்பார்கள், கேமராவுக்குக் கீழே வைக்க வேண்டும். உலோகம் பளிச்சென்றும் பிசின் இருட்டாகவும் தெரியும்வரை விளக்கைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பிறகு டெக்னீஷியன் மவுஸைப் பிடித்துத் திரையில் பெட்டி வரையத் தொடங்குவார். பதினாறு பட்டைகளுக்குப் பதினாறு பெட்டிகள். பட்டைகளுக்கு இடையே உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஓரத்துக்கு மூன்று இடைவெளிகளாகப் பன்னிரண்டு பெட்டிகள். நடுத் தட்டுக்கு ஒன்று. சீவிய முனைக்கு ஒன்று. ஆக முப்பது. மேல்பக்கத்தில் அச்சிட்ட எழுத்துக்குத் தனிக் கேமரா, தனிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன செய்வது, விளிம்பைத் தேடுவதா, பரப்பை அளப்பதா, எழுத்தை வாசிப்பதா என்று குறிக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் மேல்வரம்பு, கீழ்வரம்பு கொடுக்க வேண்டும். கடைசியில் தெரிந்தே குறையுள்ள சிப்புகளை ஓட்டி, எல்லாம் மாட்டுகிறதா, நல்லதையும் சேர்த்து ஒதுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அவ்வளவு நேரமும் மெஷின் சும்மா நிற்கும். ஒரே சிப்பை மாதக்கணக்கில் ஓட்டினால் இது பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஈப்போ ஆலைகள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பவை. வகை மாறிக்கொண்டே இருக்கும். முப்பது பெட்டியைக் கையால் வரைந்தவருக்கு இருபத்தேழாவது பெட்டியில் கை சற்று நகர்ந்தாலும் போதும், அந்த ஓர் இடைவெளி மட்டும் அரைகுறையாகச் சோதிக்கப்பட்டு லட்சக்கணக்கான சிப்புகள் வெளியே போய்விடும். அதனால்தான், படத்தில் உள்ள பொருள்களை மென்பொருளே தேடிக் கண்டுபிடித்து, பெட்டிகளைத் தானே போட்டுக் கொடுக்க வேண்டும் என்ற தேவை எழுந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சீமோர் பேப்பர்ட்டும் அப்படித்தான் நினைத்தார். கோடைக்கால மாணவர்களுக்கு வேலையைப் பங்கிட்டு அவர் எழுதிய திட்டக் குறிப்பின் முதல் இலக்கு, கேமராப் படத்தை மூன்றாகப் பிரிப்பது: பொருளாக இருக்கக்கூடியவை, பின்னணியாக இருக்கக்கூடியவை, இரண்டிலும் சேராத குழப்பம். அதற்கு மேல் போய், பொருள்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதும் திட்டத்தில் இருந்தது. அந்தக் கோடையில் முடியவில்லை. ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் உழைத்தும் முழுதாக முடியவில்லை. குழந்தை சிறு வயதிலேயே கற்றுக்கொள்ளும் காரியம் கணினிக்கு மலையாக நின்றது.

ஆனால் தொழிற்சாலைக்கு உலகம் முழுவதையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை. கறுப்புப் பிசினில் பளபளக்கும் பட்டைகளைப் பிரித்தால் போதும். கேமராப் படம் என்பது எண்களின் கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண். எந்த எண்ணில் எத்தனை பிக்சல்கள் என்று வரைபடம் போட்டால், நம் சிப்புக்கு இரண்டு மேடுகள் தெரியும். இருண்ட பக்கத்து மேடு பிசின், வெளிச்சப் பக்கத்து மேடு உலோகம். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? முன்பு டெக்னீஷியன் திருகித் திருகிப் பார்த்துக் கண்டுபிடித்த எண் அது. ஜப்பானியர் நொபுயுகி ஒட்சு 1979இல் வெளியிட்ட முறை அதைத் தானாகவே கண்டுபிடிக்கிறது. இருக்கும் எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக எல்லையாக வைத்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் இரண்டு கூட்டமாகப் பிரியும். எந்த எல்லையில் ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் மிக நெருக்கமாகவும், இரண்டு கூட்டங்களின் சராசரிகள் ஒன்றுக்கொன்று மிக விலகியும் இருக்கின்றனவோ அதுவே சரியான எல்லை. சில வரி நிரலில் முடிகிற இந்தக் கணக்கை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு எளிமையும் இவ்வளவு பயனும் ஒன்றாகச் சேர்ந்த சூத்திரம் இந்தத் துறையில் வேறில்லை.

கோடு கிழித்ததும் படம் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறமாகிவிடும். அடுத்தது, ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிக்சல்களை எல்லாம் ஒரே குழுவாகச் சேர்த்து எண் கொடுப்பது. இதற்கான வழியை ரோசன்ஃபெல்டும் ஃபால்ட்ஸும் 1966லேயே எழுதிவிட்டார்கள். இப்போது கணினியிடம் பொருள்களின் பட்டியல் இருக்கிறது. தூசியளவு சிறியவற்றைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் பரப்பு, நீள அகலம், சாய்வு எல்லாவற்றையும் அளந்தால், பதினாறு குழுக்கள் ஒரே அளவில் இருப்பது தெரியும். அவை சம இடைவெளியில் இருப்பதும் தெரியும். ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் அவை ஒரே இனம். ஆகவே ஒரு பட்டைக்கு வரம்பு கொடுத்தால் பதினாறுக்கும் பொருந்தும். இடைவெளிப் பெட்டிகள் பன்னிரண்டும் பட்டைகளின் இடத்திலிருந்தே கணக்காகிவிடும். முப்பது பெட்டி வரைந்த மனிதர் இப்போது திரையில் வந்ததைப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்கிறார். கை நடுக்கத்தால் வரும் பிழை போயே போய்விட்டது.

இதற்கெல்லாம் அடித்தளம் வெளிச்சம். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டார்கள். தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பும். சுற்றிலும் இருட்டு, எதிரே முன்பு வெட்டிய கோடு மட்டும். எந்த மரத்தின் முன் நின்றாலும் விளக்குக்கும் மரப்பட்டைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் அவர்களால் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி, உள்ளே இருக்கும் வளர்திசுவைக் காயப்படுத்தாமல் அடுத்த மரத்துக்கு நகர முடிந்தது. தொழிற்சாலைக் கேமராவின் லென்ஸைச் சுற்றிப் பொருத்தும் வட்ட விளக்கு செய்வதும் இதே காரியம். வேண்டாததை இருட்டில் தள்ளி, வேண்டியதை எப்போதும் ஒரே மாதிரி காட்டுவது. நல்ல வெளிச்சம் இருந்தால் பாதிக் கணக்கு தேவைப்படாது.

வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் தடுமாறாத முறைகளும் வந்தன. வெளிச்ச எண்ணை நம்பாமல் விளிம்புகளின் வடிவத்தை வைத்துத் தேடும் மென்பொருளை அமெரிக்காவின் காக்னெக்ஸ் நிறுவனம் 1997இல் பேட்மேக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. பொருள் திரும்பியிருந்தாலும், கொஞ்சம் சிறிதாகவோ பெரிதாகவோ தெரிந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பினாங்கில் 2000இல் தொடங்கிய விட்ராக்ஸ் போன்ற நிறுவனங்கள் மலேசியாவிலேயே சோதனைக் கருவிகளைச் செய்து உலகுக்கு விற்கின்றன. இந்தத் தொழில் நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

இனி, தானியங்கி எங்கே தடுக்கி விழும் என்று பார்ப்போம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே உலோகப் பிசிறு ஒன்று பாலம்போல ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்று குறுக்காகிவிடும் மோசமான குறை அது. கணினி ஒட்டிய பிக்சல்களை ஒன்றாகச் சேர்க்கும் அல்லவா? அதன் பட்டியலில் இப்போது பதினாறு பட்டை இல்லை. பதினான்கு பட்டையும், விநோத வடிவில் ஒரு பெரிய பொருளும் இருக்கும். கோல்டன் யூனிட் என்று வைத்த சிப்பிலேயே இந்தப் பிசிறு இருந்து யாரும் கவனிக்காமல் விட்டால், அந்தப் பெரிய பொருளையும் சிப்பின் இயல்பான உறுப்பு என்றே மென்பொருள் பதிந்துகொள்ளும். பிறகு நல்ல சிப்பையெல்லாம் குறையுள்ளது என்று தள்ளும். சீவிய முனைக்கும் இதே கதிதான். கணினியின் கண்ணுக்கு அது சதுரத்தில் ஒரு சின்னச் சேதம். சிப்பின் திசையே அதில்தான் இருக்கிறது என்பது டெக்னீஷியனுக்கு மட்டும் தெரியும். பொருள் எங்கே இருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடும். எது முக்கியம் என்பது படத்தில் எழுதியிருக்காது.

ஆலையை விட்டு வெளியே வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிடும். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் தோட்டங்களைப் பார்ப்போம். பேராக் மண்ணில் ரப்பர் 1877இல் வந்தது. அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறது. 1906இல் டென்மார்க்காரர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். இன்று அங்கே செம்பனை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் கைக்குத் தேவையான பழக்கம் மாறியது. கண்ணுக்குத் தேவையான கூர்மை மாறவில்லை.

செம்பனைக் குலையில் எண்ணெய் சேர்வது கடைசிச் சில வாரங்களில்தான். முன்கூட்டி வெட்டினால் எண்ணெய் குறையும். தாமதித்தால் பழம் உதிரும், அடிபட்டு அமிலம் கூடும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதி இதற்குத் தெளிவான அடையாளம் வைத்திருக்கிறது. பழுத்த குலை செம்மஞ்சள் நிறமாக இருக்கும், அதில் குறைந்தது பத்துப் பழங்கள் புதிதாக உதிர்ந்த குழிகள் தெரியும். பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். கறுப்பாகவோ கருஊதாவாகவோ, ஒரு குழிகூட இல்லாமல் இருந்தால் காய். ஆலையின் இறக்குமேடையில் லாரி குலைகளைக் கொட்டியதும் தரம் பார்ப்பவர் கொக்கியால் குலையைப் புரட்டுவார். ஒரு குலை பத்து, இருபது கிலோ இருக்கும், அதில் ஆயிரத்துக்கு மேல் பழம். மேல்பக்கம் பார்ப்பார், காம்பைப் பார்ப்பார், புரட்டி அடிப்பக்கமும் பார்ப்பார். பிறகு ஒரு சொல்லில் தீர்ப்பு.

தோட்டத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் ஒட்சுவின் கணக்கு உதவாது. இரண்டு மேடுகளே இல்லை. மட்டையின் நிழல், காய்ந்த ஓலை, சேறு, காலை வெயில், மழைக்கு முந்தைய மங்கல், எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்து கிடக்கும். நிழலில் தொங்கும் பழுத்த குலையும் வெயிலில் தொங்கும் காயும் பிக்சல் எண்ணில் ஒன்றாக வந்துவிடும். 2012க்குப் பிறகு வேகமெடுத்த ஆழ்கற்றல் முறைகள்தான் இந்தக் கதவைத் திறந்தன. விதியை எழுதிக் கொடுக்காமல், பெட்டி போட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டினால், எப்படிப்பட்ட பிக்சல் கூட்டம் குலை என்பதை நரம்பு வலை தானே பிடித்துக்கொள்ளும். 2015இல் வெளிவந்த யோலோ என்ற முறை படத்தை ஒரே பார்வையில் அலசி, பெட்டியையும் பெயரையும் சேர்த்தே கொடுத்தது. உலகெங்கும் செம்பனை ஆய்வுகளில் இந்தக் குடும்பத்து மென்பொருள்கள் இப்போது பரவலாகப் புழங்குகின்றன.

ஆனால் அந்த ஆயிரக்கணக்கான படங்களில் பெட்டி வரைந்தது யார்? பழைய டீச் வேலை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முப்பது பெட்டி இப்போது முப்பதாயிரமாகிவிட்டது. இந்தச் சுமையைக் குறைப்பதில் பெரிய பாய்ச்சல் 2023 ஏப்ரலில் வந்தது. மெட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 11 மில்லியன் படங்களில் 1.1 பில்லியன் உருவரைகளைக் கொண்டு பயிற்றிய ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். படத்தில் ஓரிடத்தைச் சுட்டினால் அங்கே உள்ள பொருளின் ஓரத்தைத் துல்லியமாக வரைந்து கொடுக்கும். தான் முன்பு பார்த்திராத பொருளுக்கும் வரையும். செம்பனைக் குலையைக் காட்டினால் அது குலை என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இது தனியான ஒரு பொருள் என்று தெரிந்தால் போதும். பேப்பர்ட் கேட்ட முதல் பிரிப்பு, ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

பெட்டியும் ஓரமும் இனிப் பிரச்சினையில்லை. மிச்சமிருப்பது பெயர். பழமா, அரைப்பழமா, காயா? விதி குழிகளை எண்ணச் சொல்கிறது. கேமராவுக்குத் தெரிவது குலையின் ஒரு பக்கம் மட்டும். ஆகவே மாதிரி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் நிறம்தான் அதற்குச் சுலபம். ஒரு பக்கம் செம்மஞ்சளாக இருந்து ஒரு குழியும் இல்லாத குலையை அது பழுத்தது என்று சொல்லும். பெட்டிக்குப் பெயர் கொடுத்தவர் குலையைத் தொட்டுப் பார்க்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தே பெயர் கொடுத்திருந்தால், மாதிரியும் அவருடைய ஊகத்தையே மிகத் திறமையாகத் திருப்பிச் சொல்லும். சோதனையில் நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கும், ஏனென்றால் சோதனைப் படங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரேதான்.

செடியின் பக்கமிருந்தே ஒரு வழி திறந்திருக்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. சாதாரணச் செம்பனையின் காய் கருஊதாவாக இருந்து செம்மஞ்சளாகப் பழுக்கும். இந்த மாற்றம் உயரத்தில் நிழலில் சரியாகத் தெரிவதில்லை. வைரசென்ஸ் என்ற இன்னொரு வகையில் காய் பச்சையாக இருந்து ஆரஞ்சாகும். இருபதடி கீழே நிற்பவருக்கும் தெரியும், கேமராவுக்கும் தெரியும். இந்த நிறத்தை ஆளும் மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து கண்டுபிடித்து 2014இல் வெளியிட்டார்கள். ஆலையில் விளக்கை மாற்றிப் பார்வையை எளிதாக்கியதுபோல, தோட்டத்தில் மரத்தையே மாற்றி எளிதாக்கலாம். நட்ட மரம் இருபது ஆண்டுக்கு மேல் நிற்கும் என்பதால் அந்த மாற்றம் வர நாளாகும்.

அதுவரை பெயர் வைக்க மனிதர் வேண்டும். அந்த மனிதர்கள் பேராக்கில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். தோட்ட வேலைக்குப் பிள்ளைகள் போவதில்லை, போக வேண்டும் என்று யாரும் சொல்லவும் மாட்டோம். அவர்கள் கண்ணில் இருப்பது எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. நல்ல மழைக்குப் பிறகு நிறம் எப்படி ஏமாற்றும், எந்த வயது மரத்தின் குலை எப்படித் தெரியும், அடிப்பக்கத்தில் முதலில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பெயர் வைக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கம்பார் யூடிஏஆரிலும் ஸ்ரீ இஸ்கந்தார் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டத்துக்குச் செம்பனைப் படம் எடுக்கப் போகும்போது, கணினியைத் திறக்கும் முன் தரம் பார்ப்பவரைத் தேடிப் போங்கள். அவர் குலையைப் புரட்டும்போது நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெட்டியை மென்பொருள் போடட்டும். பெயரை அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். இரண்டு பேரைக் கேட்டு, பதில் மாறினால் அந்த வேறுபாட்டையும் பதிவு செய்யுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அறிக்கையில் நன்றி சொல்லும் பக்கத்தோடு நிறுத்தாமல், தரவைத் தந்தவர் என்ற இடத்திலேயே அவர்கள் பெயரைப் போடுங்கள்.